தெற்குக் காற்றும் ஒரு மிலிட்டரி கோட்டும்

வெளிநாடு என்றால் குளிர். பட்டாபிராமில் இதற்கு மறுபேச்சே கிடையாது. துபாய்க்குப் போய்வந்த எதிர்வீட்டு ஆறுமுகம் மட்டும் வேறு மாதிரி சொல்வான். ஆனால் துபாயை எங்கள் தெருவில் யாரும் வெளிநாடாகச் சேர்ப்பதில்லை. அது அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி வேலைக்குப் போகிற இடம். கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். வெளிநாடு என்றால் வெள்ளைக்காரன் இருக்க வேண்டும், பேசும்போது அவன் வாயிலிருந்து புகை வர வேண்டும்.

நான் நியூசிலாந்துக்குப் போகப் போகிறேன் என்றதும் தெருவே என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம். எல்லோரையும்விட அதிகம் கவலைப்பட்டவன் நான். மார்கழி விடியலில் பட்டாபிராம் ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கும்போது மங்கி கேப், அதன்மேல் மப்ளர், அதற்குமேல் ஒரு துண்டு என்று நிற்கிற ஆள். ரயில் வந்தால் முதலில் என்னை ஏற்றிவிட்டுத்தான் மற்றவர்கள் ஏறுவார்கள், ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் என்று நினைத்து.

போகிற காரியம் இதுதான். என் தங்கை கஸ்தூரியின் வீட்டுக்காரர் பாபு, பாடியில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்தவர், வேலை கிடைத்து நியூசிலாந்தில் வெலிங்டன் போய்விட்டார். அங்கே கஸ்தூரிக்குக் குழந்தை பிறந்தது. பிரசவம் லேசில் ஆகவில்லை. போனில் விஷயம் கேட்ட அம்மா, எஸ்.டி.டி. பூத்திலிருந்து நேராக வெள்ளானூர்ப் பக்கம் எங்கள் அம்மன் கோயிலுக்குப் போய், "ரெண்டு உசுரையும் குடு தாயே, கொயந்த மொத முடி உனுக்குத்தான்" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு உயிரும் பிழைத்தன. இப்போது குழந்தைக்கு ஒரு வயது நிறையப் போகிறது. அதற்குள் முடி இறக்க வேண்டும். மாப்பிள்ளைக்கோ இந்த வருடம் லீவு இல்லை.

அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "கொயந்த வர முடியலன்னா இன்னா? முடி வரட்டும். நீ மாமன்காரன் தானே? போ. மடியில குந்தவச்சி மொட்ட அடிச்சி, முடிய எட்த்துக்கினு வா. கொயந்த ஒரு தும்மல் தும்முச்சின்னு போன் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

டிக்கெட்டை மாப்பிள்ளை அனுப்பினார். குளிருக்கு மட்டும் நானே வழி தேடினேன். கஸ்தூரி போனில், "இங்க இப்ப வெயில் காலம்ணா. எப்பவுமே மிதமாத்தான் இருக்கும், ஒண்ணும் வாணாம்" என்றாள். ஜனவரியில் வெயில் காலமா? போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்: "பாவம்மா, குளிர்ல அதுக்கு மூளையே வெறச்சிட்ச்சி போல."

ஆவடி மார்க்கெட்டில் தாவூத் பாய் பழைய மிலிட்டரி சாமான் கடை வைத்திருக்கிறார். பூந்தமல்லிக்காரர், எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். கடையின் உள்ளே போய் முட்டிக்குக் கீழே தொங்குகிற ஒரு கம்பளிக் கோட்டை எடுத்துவந்து என் தோளில் போட்டார். நான் ஓரடி தாழ்ந்தேன்.

"லடாக்ல இருந்த கோட்டு மாமே இது. இத்த மாட்டிக்கினு நீ ஐஸ் மேல படுத்துத் தூங்கலாம். பித்தள பட்டன் பாரு, இன்னா ஷோக்கு! போட்டுக்கினு போய்ட்டு குடு. ஒரு பட்டன் கொறஞ்சுதுன்னா உன் தோல உரிச்சி வேற கோட்டு தெச்சிடுவேன்."

வெலிங்டனில் இறங்கும்போது அந்தக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் இறங்கினேன். சுங்க அதிகாரி ஒரு பெண். என் பெட்டியிலிருந்து வேப்பிலைக் கொத்தை இரண்டு விரலால் தூக்கி, "இதைச் சாப்பிடுவீர்களா?" என்றாள். இல்லை, வாசலில் கட்டுவோம் என்றேன். "யாரைத் தடுக்க?" என்றாள். அதற்கு என் ஆங்கிலம் போதவில்லை. வேப்பிலை குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. சந்தனக் கட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாகக் கோட்டை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் இங்கிருந்து தென் துருவத்துக்குப் போகிறீர்களா?" என்றாள்.

வெளியே வந்தால் எல்லோரும் அரைக்கால் சட்டையில் திரிகிறார்கள். ஒருவன் செருப்புக்கூடப் போடவில்லை. நான் கோட்டுக்குள் இட்லிபோல வெந்துகொண்டிருந்தேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற கஸ்தூரி இரண்டு வருடம் கழித்து அண்ணனைப் பார்த்த மகிழ்ச்சியில் அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாண்ணா, பார்டர்ல சண்டைக்கா போற?"

குழந்தை நிவேதா என் மீசையைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அடுத்து அது போட்ட சத்தத்தில் ஒரு டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை இதுதான்.

முதல் நாள் நான் கண்டுகொண்டது: அந்த ஊரில் பருவங்கள் மாதக் கணக்கில் வருவதில்லை, டம்ளர் கணக்கில் வருகின்றன. டீ ஊற்றும்போது வெயில். ஆற்றும்போது தூறல். பாதி குடிக்கும்போது காற்று. டம்ளரைக் கழுவி வைத்தால் மறுபடி வெயில். நம் ஊரில் வெயில் என்றால் மாதக்கணக்கில் தங்குகிற மாமியார். இங்கே எல்லாமே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரி. எதுவும் கொல்லாது. உறைய வைக்காது, வேக வைக்காது. அதனால்தான் அங்கே எல்லோரும் நாள் முழுதும் வானிலையைப் பற்றியே பேசுகிறார்கள். நாம் மே மாதத்தில் பேசுவதில்லை, திட்டுவதோடு சரி.

காற்று மட்டும் எட்டிப் பார்ப்பதோடு நிற்காது. மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்போல நிற்கும். குளித்துவிட்டு வேட்டியைக் கொடியில் போட்டேன். திரும்பிப் பார்த்தால் வேட்டி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு எலுமிச்சை மரத்தின் உச்சியில் பறந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் மார்கரெட் என்று ஒரு அம்மாள், எழுபது வயதிருக்கும், தனியாக இருந்தார். துறட்டியால் வேட்டியை இறக்கி, மடித்து, கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்கள் நாட்டுக் கொடி என் மரத்தில் ஏறிவிட்டது. நான் சரணடைய வேண்டுமா?"

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை, மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துக் காகிதத்தில் சுற்றி வாங்கிவந்தார். மீன் நல்ல மீன். ஆனால் அதற்கு ஒருவரும் மிளகாய்த்தூளை அறிமுகம் செய்து வைக்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு கடற்புறா என் கையிலிருந்தே துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஆவடி ஸ்டேஷன் காக்கையிடம் பயிற்சி எடுத்திருக்கும். பாலும் வெண்ணெயும் மட்டும் சொல்லி மாளாது. கஸ்தூரி ஊற்றிய தயிரைப் பார்த்தபோது, இதைவிட்டு இவள் ஏன் பட்டாபிராமுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு கணம் தோன்றி, அம்மா ஞாபகம் வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

குழந்தை விஷயத்தில் முன்னேற்றமே இல்லை. கிலுகிலுப்பை ஆட்டினேன், குரங்கு மாதிரி செய்தேன். மங்கி கேப்பைப் போட்டுக்கொண்டு செய்ததில் அலறல் இரண்டு மடங்கானது. கடைசியில் ஆணியில் தொங்கிய மிலிட்டரி கோட்டை ஏதோ தேடுவதற்காக எடுத்தேன். குழந்தை தவழ்ந்து வந்தது. பித்தளைப் பட்டனைப் பிடித்தது. வாயில் வைத்தது. கோட்டோடு சேர்த்து அதை மடியில் வைத்தேன், அழவில்லை. அது என் மடியில் உட்காரவில்லை, தாவூத் பாயின் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அம்மாவுக்கு அவ்வளவு நுணுக்கமெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து முடி இறக்க ஆள் வேண்டும். ஊருக்குள் ஒரு சலூனில் கேட்டதற்கு, சின்னக் குழந்தைத் தலையில் கத்தி வைக்க மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கவலையில் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். கூட்டமே இல்லாத பஸ். அம்பத்தூரில் படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால் என்று போய்ப் பழகியவனுக்கு, காலி பஸ் என்றாலே அது ஷெட்டுக்குப் போகிற பஸ் என்றுதான் தோன்றும். அது கடைசியில் கடலோரத்தில் போய் நின்றது. டிரைவர் இறங்கச் சொல்லவில்லை. "நீங்கள் எங்கே போக நினைத்தீர்கள்?" என்று கேட்டு, திரும்பிப் போக நேரமிருக்கிறது, கொஞ்சம் உலாவிவிட்டு வாருங்கள் என்றார்.

உலாவினேன். வெயில் நம் ஊர் மார்கழி வெயில் மாதிரி இதமாக இருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு போங்கள் என்று காலையில் மார்கரெட் அம்மாள் சொன்னபோது, "எங்களுக்கா வெயில்? நாங்கள் அதிலேயே பிறந்தவர்கள்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது என் முன்வழுக்கை எரிந்தது. இரண்டு நாளில் சுட்ட கத்தரிக்காய்போலத் தோல் கழன்றது. குளிர்ந்த வெயில் சுடும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் அந்தக் கடலோரத்தில்தான் கிரேக்கக் கிழவர் நிக்கோ கிடைத்தார். சின்ன முடிவெட்டும் கடை. கையாலும் பாதி ஆங்கிலத்தாலும் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய ஆங்கிலமும் பாதிதான் என்பதால் நன்றாகப் புரிந்துகொண்டோம்.

"கடவுளுக்கா?" என்றார்.

"ஆமாம்."

"எங்கள் ஊரிலும் ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் குழந்தையின் முடியைக் கத்தரிப்பார். நீங்கள் கொஞ்சம் பேராசைக்காரர்கள், முழுவதையும் எடுக்கிறீர்கள். வருகிறேன். ஞாயிறும் திங்களும்தான் எனக்கு விடுமுறை."

ஞாயிறா, திங்களா? நான் வீட்டுக்கு மூத்தவன், மாமன். நாள் குறிக்கிற உரிமை என்னுடையது. சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் வானிலை சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை படத்தில் அம்புகள் வடக்கிலிருந்து வந்தன. திங்கட்கிழமை தெற்கிலிருந்து.

"திங்கள்" என்றேன். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? வடக்கிலிருந்து வருவது வாடை, குழந்தைக்கு ஆகாது. தெற்கிலிருந்து வருவது தென்றல். உலகத்தில் தமிழ் தெரிந்த எவனைக் கேட்டாலும் சொல்வான்.

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னார்: "மச்சான், இங்க சதர்லி, தெற்கால இருந்து வர்ற காத்துன்னா கொஞ்சம்..."

"இன்னா மாப்ளே, தென்றலைப் பாத்துப் பயப்படுற மொதத் தமிழன் நீங்கதான்!"

பெண்டாட்டியின் அண்ணனை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட மனிதர். "சரிங்க மச்சான்" என்று ரசத்துக்குப் போய்விட்டார். கஸ்தூரி மட்டும், "அவரு இன்னாவோ சொல்ல வராருண்ணா" என்றாள். "நீ ரசத்த ஊத்து" என்றேன். மாப்பிள்ளையின் அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வடகாற்று வெதுவெதுப்பாக வீசியது. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வாடையே இப்படி என்றால் நாளைக்குத் தென்றல் எப்படி இருக்கும் என்று மகிழ்ந்துபோனேன்.

திங்கள் காலை. நிக்கோ வெள்ளைச் சட்டை போட்டு, கத்தியைப் புதுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வீடு முழுக்கத் தரைவிரிப்பு ஒட்டியிருந்தது, வாடகை வீடு வேறு. தண்ணீரும் முடியும் சிந்தக்கூடாது. அதனால் பின்பக்கத் தோட்டத்தில் பலகை போட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். மடியில் கோட்டை விரித்தேன், பட்டன் மேலே தெரியும்படி. அதன்மேல் குழந்தை. கஸ்தூரி மஞ்சள் துணியை ஏந்திக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை சந்தனக் கிண்ணத்தோடு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலே மார்கரெட் அம்மாளின் தலை தெரிந்தது.

"மதியத்துக்குள் மாறும். கம்பளி எடுத்து வையுங்கள்" என்றார். நான் சிரித்து, தலையை ஆட்டினேன். என் தலையில் தோல் உரிந்துகொண்டிருந்தும் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்கவில்லை, பாருங்கள்.

தண்ணீர் தடவி, நிக்கோ வலப்பக்கம் தொடங்கினார். பூப்போலச் சிரைத்தார். குழந்தை பட்டனைச் சப்பிக்கொண்டிருந்தது. சுருள் சுருளாக முடி மஞ்சள் துணியில் விழுந்தது. வலப்பக்கம் முடிந்தது.

அப்போது காற்று நின்றது.

அந்த ஊரில் காற்று நின்று நான் பார்த்ததில்லை. எலுமிச்சை மரம் நேராக நிமிர்ந்தது. "தோ பாரு, தென்றல் வர்றதுக்கு முன்னால அடக்கமா கீது" என்றேன். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று சாய்ந்து வந்தது. மாப்பிள்ளை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வந்தது தென்றல்! ஐஸ் பெட்டியைத் திறந்து நம்மை உள்ளே தள்ளிப் பூட்டியதுபோல வந்தது. முதல் வீச்சில் பலகை ஆடியது. இரண்டாவது வீச்சில் கஸ்தூரியின் மஞ்சள் துணி காற்றாடிபோல எழும்பி, அதிலிருந்த முடி அத்தனையும் வேலி தாண்டி, மார்கரெட் அம்மாளின் தலைக்குமேல், எந்தக் கடல் பக்கமோ போய்விட்டது. அம்மனுக்கு நேர்ந்த முடி. அடுத்து மழை, படுக்கைவாட்டில்.

"அண்ணா! முடிண்ணா! பாப்பாவுக்குக் குளுருதுண்ணா!" கஸ்தூரி கத்தினாள்.

பாதி மொட்டையோடு, ஈரத் தலையோடு குழந்தை என் மடியில் நடுங்கியது. உதடு நீலமாகிற மாதிரி இருந்தது. நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் என்று பிற்பாடு எல்லோரும் விதவிதமாகச் சொன்னார்கள். என் நினைவில், "தாயே, தாயே" என்று கத்திக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடாமல், குழந்தையைச் சுற்றியே மூன்று தடவை ஓடினேன். அதாவது குழந்தை பலகையில், நான் வட்டத்தில்.

நிக்கோதான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கோட்டைக் காட்டினார்.

கோட்டைப் போட்டுக்கொண்டேன். குழந்தையைக் கோட்டுக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்து, கீழிருந்து மேலாக மாப்பிள்ளை பட்டன் போட்டார். கழுத்துப் பட்டி வழியாக அதன் அரை மொட்டைத் தலை மட்டும் என் தாடைக்குக் கீழே வெளியே நின்றது, கங்காரு மாதிரி. ஈரமும் முடியுமாக உள்ளே தரைவிரிப்பில் கால் வைக்க முடியாது. வீட்டுச் சுவரோரம், காற்றுக்கு முதுகு காட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். மார்கரெட் அம்மாள் வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, ஒரு பெரிய மெழுகுத்துணியை எங்களுக்குமேல் பிடித்தார், மறுமுனையைக் கஸ்தூரி. கோட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. லடாக் பனிக்குச் செய்த கோட்டு அது. வெலிங்டன் அதற்கு எம்மாத்திரம்? குழந்தையின் நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல அடங்கியது. கை ஒன்று மேலே வந்து என் மீசையைப் பிடித்தது. அழவில்லை.

"முடித்துவிடட்டுமா?" என்றார் நிக்கோ. "பாதியில் விட்டால் கடவுளும் சிரிப்பார், தெருவிலும் சிரிப்பார்கள்."

"முடிங்க" என்று தமிழில் சொன்னேன். இடப்பக்கத்து முடி முழுவதும் கோட்டின் கழுத்துக்குள், மார்புக்குள், கம்பளி மயிரோடு மயிராக விழுந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சந்தனம் பூசுவதில்லை என்று அங்கேயே முடிவானது. சந்தனம் குளிர்ச்சி, ஆவடி வெயிலுக்குக் கண்டுபிடித்த சமாச்சாரம். நெற்றியில் ஒரு பொட்டோடு நிறுத்தி, மார்கரெட் அம்மாள் பின்னிய கம்பளிக் குல்லாவை மாட்டினோம். டீயும் கேசரியும் ஆனது. நிக்கோ கேசரியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சுடச்சுட உட்கார்ந்தபிறகுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"இங்க தெற்கால ஐஸ்தான் மச்சான் கீது. வடக்கால இருந்து வர்றதுதான் சூடு. எல்லாம் தலகீழ்."

"அத்த முன்னாடியே சொல்லக்கூடாதா மாப்ளே?"

அவர் ரசத்தைப் பார்த்த மாதிரியே டீயைப் பார்த்தார்.

குழந்தை தும்மவில்லை. கிளம்புகிறவரை நான்தான் தும்மினேன். தும்மும்போதெல்லாம் அது கைதட்டிச் சிரித்தது. ஏர்போர்ட்டில் கஸ்தூரி இந்த முறை அழுதாள். "அம்மாகிட்ட தென்றல் கதய சொல்லிடாதண்ணா, பயந்துக்கும்" என்றாள். குழந்தை கோட்டுப் பட்டனை விடவில்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கோட்டை மடித்து, பாலிதீன் பையில் போட்டு, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சென்னையில் சுங்க அதிகாரி பையைப் பிரித்து, கோட்டைக் காலரில் பிடித்துத் தூக்கினார். உதறப் போகிறார் என்று தெரிந்தது.

"சார், ஒதறாதீங்க!"

அவ்வளவு சத்தமாகக் கத்தினால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். "உள்ள இன்னா வெச்சிருக்க?" என்றார். சொன்னேன். முழுக் கதையையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். அவர் கோட்டின் மார்புப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தார். மெல்லிய சுருள் முடி பளபளவென்று தெரிந்தது. திரும்ப, பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல மடித்துப் பையில் வைத்தார்.

"எந்த அம்மன்?" என்றார். சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா தென்றல் கதையைக் கேட்டாள். நான் வாயை மூடி வைத்திருக்கக்கூடிய ஆள் இல்லையே. பயப்படவில்லை. வாசலில் கோட்டை விரித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முடியாகப் பிரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கைவிட்டாள். "இதுல எது கொயந்த முடி, எது ஆட்டு முடின்னு எவ கண்டா? கோட்டோட எட்த்துக்கினு வா."

மாசி வெயிலில், முட்டிக்குக் கீழே தொங்குகிற கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு வெள்ளானூர்வரை போனேன். தாவூத் பாயிடம் பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது, கோட்டுக்கு இன்னும் ஒரு வேலை மட்டும் பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "சாமி வேலையா? போய்ட்டு வா மாமே, அதுவும் ஒரு டூட்டிதான்" என்றார். பூசாரி எங்களைப் பார்த்து, கோட்டைப் பார்த்து, அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கோட்டுக்கா மொட்ட?"

"ஆமா நைனா," என்றாள் அம்மா, "எம் பேத்தி உள்ள குந்திகினு வந்துகீறா." தன் கையால் மார்புப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளி எடுத்தாள். குழந்தை முடி, ஆட்டு முடி, லடாக், வெலிங்டன் எல்லாம் சேர்ந்த கொத்து. அதை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, கோட்டின் மேல் பட்டனை முந்தானையால் துடைத்தாள். பட்டனில் சின்னப் பல் பதிந்த தடம் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெற்குப் பக்கமிருந்து இலைகள் அசைய ஒரு காற்று வந்தது. "அப்பாடா" என்று அம்மா கண்ணை மூடினாள்.

அதற்குள் என் கை கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தது.